கிளையோடு கிளை தொட்டால்தான் காடு: வாசகர் கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலையின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது சைலன்ட் வேலி தேசியப் பூங்கா. அதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கட்டுக்கட்டாக வந்துவிட்டன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

குடும்பத்தோடு போய் அரை நாள் சுற்றினோம். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. முதுமலையில் சாலையோரத்திலேயே புள்ளிமான் நிற்கிறது. இங்கே விலங்குகளே இல்லையா?
(ஈரோடு வாசகர்)

இருக்கின்றன. உங்கள் தலைக்கு மேலே இருந்ததால் தப்பிவிட்டன.

முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர்க் காடு. கோடையில் இலை கொட்டி வெயில் தரைவரை இறங்கும், புல் முளைக்கும். புல்லை நம்பி மான், மானை நம்பிப் புலியும் செந்நாயும். சைலன்ட் வேலி பசுமைமாறாக் காடு. இங்கே கணக்கு வேறு. முப்பது மீட்டர் உயரத்தில் மரமுடிகள் ஒன்றோடொன்று நெருங்கி மூடிக்கொள்வதால், தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த இருட்டில் புல் பிழைக்காது. தளிர், பூ, பழம், பூச்சி எல்லாம் மேல்மாடியில் இருக்கும்போது, தின்பவை மட்டும் கீழே எதற்கு இருக்க வேண்டும்? சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், இருவாச்சி, இரவில் பறக்கும் அணில், பழுப்பு மரநாய் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. தரையில் கடமான், கேளையாடு, மூன்று கிலோ அளவே உள்ள சருகுமான் உண்டு. ஆனால் மந்தையாக அல்ல, ஒன்றிரண்டாகத்தான். யானை பெரும்பாலும் மூங்கில் புதரையும் காட்டு விளிம்பையும் ஒட்டி நடக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முக்காலி என்ற ஊரில் பதிவு செய்து, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் 23 கிலோமீட்டர் உள்ளே சைரந்திரிவரை போக முடியும். அதனால் காலை முதல் வண்டியில் இடம் பிடிப்பதே பாதி வேலை. மழை, காட்டுத்தீ அபாயம் என்று சில நாள் அடைத்துவிடுவார்கள். கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் நடந்துகொண்டே இருக்காதீர்கள். கடித்துப் போட்ட பழம், பிய்ந்த பூ, புதிதாக விழுந்த கொட்டை தரையில் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால், வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அந்த மரத்தடியில் இருபது நிமிடம் பேசாமல் நில்லுங்கள். காற்றே இல்லாமல் ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே ஆள் இருக்கிறது. தொலைநோக்கி வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். 10×42 இன்னும் பெரிதாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மில்லிமீட்டரிலிருந்து 4.2 ஆகக் குறைந்துவிடும், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். நிழல் காட்டில் வெளிச்சம்தான் முதல்.

கருங்குரங்கும் சிங்கவால் குரங்கும் ஒன்றுதானா? எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே பெயரால் சொல்கிறார்கள்.
(தேனி வாசகி)

இரண்டும் கறுப்பு என்பதோடு ஒற்றுமை முடிகிறது. முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பிடரிமயிர் சிலிர்த்து நின்றால் அது சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி. வால் உடம்பைவிடக் குட்டை, நுனியில் சிறு குஞ்சம். உச்சந்தலை மட்டும் பழுப்புப் பொன்னிறமாக, வால் உடம்பைவிட நீண்டு நேராகத் தொங்கினால் அது நீலகிரிக் கருமந்தி, அதாவது நீங்கள் சொல்லும் கருங்குரங்கு. அதிகாலையில் மலை முழுக்க எதிரொலிக்கும் 'ஹூ ஹூ' என்ற அடித்தொண்டை முழக்கம் கருமந்தியின் ஆண் போடுவது.

வயிற்றில்தான் பெரிய வேறுபாடு. கருமந்திக்கு அறை அறையான இரைப்பை. இலையை ஊறவைத்துப் புளிக்கவைத்துச் செரித்துவிடும். இலைக்கு எங்கும் பஞ்சமில்லை. அதனால் சிதைந்த காட்டிலும் ஓரளவு காலம் தள்ளும். சிங்கவால் குரங்குக்குக் கன்னப்பைகள்தான் உண்டு, அந்த வயிறு இல்லை. அதற்கு ஆண்டு முழுக்கப் பழம், விதை, பூ, பூச்சி வேண்டும். ஒரே மரம் பன்னிரண்டு மாதமும் பழுக்காது. ஆகவே பல இனத்து மரங்கள் நிறைந்த, நூற்றுக்கணக்கான ஹெக்டேர் காடு ஒரு கூட்டத்துக்குத் தேவைப்படும். தரையில் இறங்க அதற்குப் பிரியமில்லை. குட்டி ஈனுவதும் மெதுவாகத்தான், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை ஆண்டு அளவுக்கு இடைவெளி விழும். இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாததற்கு இதுவே காரணம்.

கருமந்தியை லேகியத்துக்காகச் சுட்டுத் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த லேகியத்தால் எந்த நோயும் தீரவில்லை, குரங்குதான் தீர்ந்தது. இன்று இரண்டும் 1972ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

1970களில் திட்டமிட்ட அணையால் காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மூழ்கியிருக்காது என்று படித்தேன். அதற்கா அவ்வளவு பெரிய எதிர்ப்பு?
(மதுரை, கல்லூரி மாணவர்)

கணக்கு சரி. 120 மெகாவாட் மின்சாரத்துக்காகக் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே சைரந்திரியில் 131 மீட்டர் உயர அணை. நீர்த்தேக்கம் ஏறக்குறைய 8.3 சதுர கிலோமீட்டர். பின்னர் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். நூற்றுக்கு ஒன்பது பங்கு சொச்சம். மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர்களின் தேவையும் பொய்யல்ல. ஆனால் காட்டைப் பரப்பளவால் மட்டும் வகுத்துப் பார்த்தது பிழை. வேட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு கீற்றைக் கிழித்துவிட்டு, தொண்ணூறு பங்கு துணி அப்படியே இருக்கிறதே என்பது போன்ற வாதம் அது.

மூழ்கவிருந்தது காட்டின் ஏதோ ஒரு மூலை அல்ல. ஆறு வடக்கிலிருந்து தெற்காகப் பள்ளத்தாக்கின் நடுவே ஓடுகிறது. நீர் தேங்கினால் இரு கரைக் காடும் இரண்டு துண்டாகும். பறக்கும் பறவை கடந்துவிடும்; கிளைவழியே நடமாடும் குரங்கு கடக்காது. கூட்டங்கள் கலக்க முடியாமல் போனால் சில தலைமுறைகளில் உள்ளுக்குள்ளேயே இனம் பெருகிப் பலவீனப்படும். அடுத்தது, பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் மண் ஆழம், ஈரம் அதிகம், மரங்கள் பெருத்து வளர்வது அங்கேதான். சரிவு மரங்கள் காய்க்காத மாதத்தில் குரங்குகள் இறங்கிவரும் இடம் அது. மூன்றாவது, பலரும் கணக்கில் எடுக்காதது, விளிம்பு. அணைக்குச் சாலை, கல்குவாரி, ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்குக் குடியிருப்பு, விறகு வேண்டும். காட்டில் வெட்டு விழுந்த இடத்தில் காற்றும் வெயிலும் பக்கவாட்டில் நுழையும், ஈரம் குறையும், மரக்கிளையில் ஒட்டி வாழும் பாசியும் ஆர்க்கிடும் முதலில் கருகும், ஓரத்துப் பெருமரங்கள் காற்றுக்குச் சாயும், உண்ணிச்செடி என்ற அயல்நாட்டுக் களை உள்ளே வரும். மூழ்கிய நிலத்தோடு சேதம் நிற்காது.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் அறிவியலாளர்களும் கவிஞர்களும் சேர்ந்து எழுப்பிய குரலுக்குப் பின் 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2007இல் சுற்றிலும் 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையம் சேர்க்கப்பட்டது. அந்த வளையமும் விளிம்புக்கு மருந்துதான்.

சில்வண்டு கத்தாததால் 'சைலன்ட்' வேலியாம். உண்மையா?
(நாகர்கோவில் வாசகர்)

வறண்ட மாதத்து மாலையில் போய்க் கேளுங்கள், காது அடைக்கும். பெயருக்குப் பல கதைகள் உண்டு. சைரந்திரி என்பது விராடன் அரண்மனையில் பணிப்பெண்ணாக மறைந்திருந்தபோது திரௌபதி பூண்ட பெயர். ஆற்றுக்கும் குந்தியின் பெயர். 'சைரந்திரி' வெள்ளைக்காரர் வாயில் 'சைலன்ட்' ஆனது என்பார்கள். சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரில் உள்ள 'சைலீனஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எல்லாமே ஊகம்.

வெடிப்பலா என்று ஒரு மரத்தை வழிகாட்டி காட்டினார். பலா வகையா? குரங்குகளுக்கு அதுதான் உயிர் என்றாரே?
(பொள்ளாச்சி வாசகி)

காயில் முள் இருப்பதால் பலா என்ற பெயர் வந்துவிட்டது. உறவு துரியனோடுதான். இந்தக் காட்டின் முக்கிய மரங்கள் வெடிப்பலா, பாலி, நாங்கு மூன்றும். காட்டு வகைக்கே தாவரவியலாளர்கள் இந்த மூன்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காட்டில் பழம் குறைந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வெடிப்பலா, இலைக்காம்பின் ஓரத்தில் அல்ல, கிளையின் உடம்பிலேயே கொத்துக்கொத்தாக வெளிர்பழுப்பில் பூக்கும். இதழே கிடையாது, தடித்த புல்லிக்குழல்தான், அடியில் தேன். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில் பகலில் அதைப் பிய்த்துத் தின்னும். இரவில் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் வரும். மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு வௌவாலுடையது. பின்னர் மழைக்காலத்தை ஒட்டிக் காய் முற்றும்போது, சிங்கவால் குரங்கு அந்த முள்தோட்டைப் பிளந்து விதையைத் தின்னும். ஒரே மரம் பழம் குறைந்த மாதத்தில் பூவாகவும் அடுத்த பருவத்தில் விதையாகவும் இரண்டு முறை பந்தி வைக்கிறது. வழிகாட்டி சொன்னதில் மிகை இல்லை. மார்ச்சில் போகிறவர்கள் மரத்தடியில் பழுப்புப் பூ விரிப்பைக் கண்டால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அட்டைக்கு உப்பா, புகையிலையா, சுண்ணாம்பா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(சேலம் வாசகி)

ஏறாமல் தடுப்பது வேறு, ஏறியதை எடுப்பது வேறு. தடுக்க, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை போட்டு, அதன் மேல் காலணி அணியுங்கள். சாதாரணக் காலுறையின் இழைச்சந்தில் அட்டை புகுந்துவிடும். புகையிலை ஊறிய நீரைக் காலுறையில் மட்டும் தடவலாம். உப்பை அள்ளித் தெளிக்க வேண்டாம். ஓடையில் கரைந்தால் ஈரத்தோலால் மூச்சுவிடும் தவளைகளுக்குத்தான் கேடு.

கடித்துக்கொண்டிருப்பதன் மேல் உப்போ நெருப்போ வைத்தால் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும்; அதில் சீழ் பிடிக்கும். பிடித்து இழுப்பதும் காயத்தைப் பெரிதாக்கும். ஒல்லியான முனைதான் வாய். தோலை ஒட்டினாற்போல் நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி முதலில் அந்த வாயைப் பிரியுங்கள், உடனே தடித்த பின்முனையைப் பிரித்துச் சுண்டிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது செலுத்திய பொருள் காயத்தில் இருப்பதால் சில மணி நேரம்கூடக் கசியும், பயம் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மழைக்காலப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஆண் இருவாச்சியைக் கொன்றால் கூட்டிலிருக்கும் குடும்பமே சாகும் என்பது சினிமா வசனமா, உண்மையா?
(திருநெல்வேலி வாசகர்)

பெரும்பகுதி உண்மை. ஜனவரி, பிப்ரவரியில் பெண் பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் கீற்று மட்டும் மிச்சம். முட்டை பொரிக்க நாற்பது நாள் அளவு. குஞ்சு பறக்கும்வரை மொத்தம் நான்கு மாதம் ஆகிவிடும். ஆண் தொண்டையில் அத்திப்பழங்களை நிரப்பி வந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். அது வராவிட்டால் அந்த ஆண்டுக் குஞ்சு தப்பாது.

வசனத்தில் வராத சங்கதி பொந்து. இருவாச்சி மரங்கொத்தி அல்ல, தானே துளைக்கத் தெரியாது. கிளை முறிந்த இடம் உளுத்து உண்டாகும் பொந்துக்கு மரம் மிக முதிர்ந்திருக்க வேண்டும். கிடைத்த பொந்தை ஆண்டுதோறும் திரும்பப் பயன்படுத்தும். ஆகவே "பட்டுப்போன, பொத்தலான கிழட்டு மரம்" என்று எஸ்டேட்டில் வெட்டித் தள்ளுவது துப்பாக்கியைவிட மோசம். தலைக்கு மேல் ரயில் என்ஜின் மூச்சுவிடுவது போல 'வூஷ், வூஷ்' என்று கேட்டால், அது இருவாச்சியின் சிறகோசை.

பூங்காவின் உச்சிப் பகுதியில் மரமே இல்லாமல் புல்வெளியாக இருக்கிறதே, அழிந்த காடா? அங்கே மரம் நடலாமே?
(சென்னை, பள்ளி ஆசிரியை)

நடக் கூடாது. 2,383 மீட்டர் அங்கிண்டா சிகரத்தையும் சிஸ்பாராவையும் சுற்றியுள்ள புல்வெளி அழிந்த காடு அல்ல, தனி வாழிடம். உறைபனியும் காற்றும் மரக்கன்றைக் கொல்லும். காற்றுக்கு ஒதுங்கிய மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலை நிற்கும். நீலகிரிச் சதுப்புகளின் அடிமண்ணை ஆய்ந்ததில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிகிறது. வரையாடு மேய்வது அந்தப் புல்லைத்தான். வெற்றிடம் என்று நினைத்து, வாட்டில் எனப்படும் சீகை மரமும் தைலமரமும் பைனும் நட்ட இடங்களில் புல்வெளி மூடிப்போயிற்று, பிடுங்கி முடியவில்லை.

கூடலூர் பக்கம் கைவிட்ட காப்பித் தோட்டம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. அதை மழைக்காடாக மாற்ற விரும்புகிறோம். பூங்காவிலிருந்து விதை எடுக்கலாமா? எப்படித் தொடங்குவது?
(நீலகிரி வாசகி)

பூங்காவிலிருந்து ஒரு விதைகூட எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். தோட்டத்து ஓரங்களில், சாலையோரங்களில் நிற்கும் நாட்டு மரங்களின் கீழ் உரியவரைக் கேட்டுப் பொறுக்குங்கள். பொதுவாக விதையைக் காயவைத்து டப்பாவில் போடுவோம் இல்லையா, இங்கே அதுதான் முதல் தவறு. நாங்கு, பாலி, வெடிப்பலா விதைகளுக்கு உறக்கம் கிடையாது, காய்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவி, நிழலில் ஈரத்துணியில் வைத்து, அந்த வாரத்துக்குள் மணல் கலந்த பாத்தியில் ஊன்றுங்கள். இதற்கு நேர்மாறு கருங்குங்கிலியமும் காட்டு உருத்திராட்ச இனங்களும். ஓடு கெட்டி, முளைக்கப் பல மாதம், சிலது ஓராண்டுகூட எடுக்கும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொட்டிவிடாதீர்கள்.

இரண்டிலை விட்டதும் பைக்கு மாற்றி, பாதிக்கு மேல் நிழல் தரும் வலைக்குக் கீழே வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையை இடம் நகர்த்தாவிட்டால் வேர் தரைக்குள் இறங்கி, எடுக்கும்போது அறும். கன்று இரண்டடி உயரம் வர ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகலாம். நடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் நிழலைப் படிப்படியாகக் குறையுங்கள்.

நிலத்தில் முதல் வேலை உண்ணிச்செடி. மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் தழைக்கும். கழுத்து வேரோடு பெயர்க்க வேண்டும். தானாக முளைத்த வட்டக்கண்ணி போன்ற மரங்களை வெட்டாதீர்கள், அவைதான் தாதி. வெட்டவெளியில் நட்ட பாலிக்கன்று முதல் கோடையிலேயே இலை கருகிச் சாகும். வட்டக்கண்ணி நிழலில் பிழைக்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்த பின், ஜூன் ஜூலையில், ஓரடிக் குழியில் நடுங்கள். இரண்டு மீட்டர் இடைவெளிக்கு ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் கன்று பிடிக்கும். முப்பது இனத்துக்குக் குறையாமல் கலந்து நட்டால்தான் எந்த மாதமும் ஏதாவது ஒன்று பழுக்கும். சில்வர் ஓக் வரிசையை ஒரேயடியாக நீக்க வேண்டாம், உள்ளே கன்று எழும்ப எழும்பக் கழித்துக்கொள்ளலாம்.

கன்று சாவது பெரும்பாலும் நட்ட நாளில் அல்ல, இரண்டாம் ஆண்டில், களை எடுக்க மறந்தபோது. மூன்று ஆண்டு, ஆண்டுக்கு இரண்டு களையெடுப்புக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் இரண்டு ஏக்கரையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். பக்கத்துக் காட்டை ஒட்டிய அரை ஏக்கரில் தொடங்கி, அதன் கிளைகள் காட்டுக் கிளையைத் தொடும்படி கொண்டு போங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூமிக்கு மேல் வரும் தவளை உண்டாமே?
(திருச்சி, எட்டாம் வகுப்பு மாணவி)

உண்டு, ஊதாத் தவளை. அறிவியல் உலகுக்கு 2003இல்தான் முறைப்படி அறிமுகமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும். முதல் மழையோடு சில நாள் மட்டும் இணைசேர வெளியே வரும். அதனால் ஓணத்துக்கு வரும் மகாபலியின் பெயரைக் கேரளத்தில் அதற்கு வைத்துவிட்டார்கள். நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில். தலைப்பிரட்டைகள் பாயும் ஓடையின் பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு மூன்று மாதத்துக்கு மேல் வளரும். ஓடையைத் தடுத்தாலோ பாறையை உடைத்தாலோ அந்த ஆண்டுத் தலைமுறை அவ்வளவுதான்.

வழியில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கப் போனபோது வழிகாட்டி கோபித்துக்கொண்டார். ஒரு பழத்தில் என்ன வந்துவிடும்?
(கரூர் வாசகர்)

பழத்தைவிட, அது கிடைத்த இடம்தான் சிக்கல். மரத்திலேயே இருக்க வேண்டிய குரங்கு, சாலையில் நின்றால் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த வண்டி நிற்காது. காடு துண்டுபட்ட வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது அடிபட்டதால்தான், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்ட வேண்டி வந்தது. மனிதர் கடித்த பழம் வழியே நோயும் தொற்றும். மீந்த பழத்தை வண்டிக்குள்ளேயே வையுங்கள், தோலையும் சேர்த்து.